நோர்பெர்ட்டைத் தாங்குகிற டயர்

பெல்ஜியத்தில் எங்கள் கென்ட் நகரத்தில், லேடெபெர்க் பக்கம் டிராம் திரும்புகிற மூலையில் இருப்பது நோர்பெர்ட்டின் வறுவல் கடை. உருளைக்கிழங்கை விரல் பருமனுக்கு நறுக்கி, மாட்டுக் கொழுப்பில் ஒருமுறை அரை வேக்காடாக எடுத்து ஆறவைத்து, வாடிக்கையாளர் வந்து நின்றதும் மறுபடி போட்டுப் பொன்னிறமாக எடுத்துக் கொடுப்பார். நான் ஹெர்மன், இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவன். தொழில் குழாய் ரிப்பேர். வாரத்தில் மூன்று நாள் என் ராத்திரிச் சாப்பாடு அந்தக் கடையில்தான்.

நோர்பெர்ட் பதினாறு வயதில் நூற்பாலையில் சேர்ந்தவர். ஆலை மூடியபோது அவருக்கு வேறு தொழில் தெரியாது. இந்தக் கடையில் அப்போது ரோஸிட்டாவும் அவள் அம்மாவும் நின்றார்கள். நோர்பெர்ட் தினமும் சாப்பிட வந்தார், பிறகு மூட்டை தூக்கிக் கொடுக்க வந்தார், பிறகு வீட்டுக்குப் போவதையே மறந்துவிட்டார். "வறுவல் கேட்டு வந்த ஆளு, கடையையும் சேத்துப் பொட்டலம் கட்டிக்கிட்டான்" என்று ரோஸிட்டாவின் அண்ணன் வில்ஃப்ரீட் கல்யாணத்திலேயே சொன்னான். அதை இன்றுவரை ஒவ்வொரு விருந்திலும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

நவம்பர் வந்தால் பூங்காவுக்குள் இருக்கும் பந்தயக் கூடத்தில் ஆறு நாள் சைக்கிள் பந்தயம் நடக்கும். நோர்பெர்ட்டும் ரோஸிட்டாவும் வேனை ஓட்டிக்கொண்டு போய் வாசலில் நிறுத்தி வறுவல் விற்பார்கள். உள்ளே பந்தயம் ஓடும்போது வெளியே முதல் வறுப்பு நடக்கும். இடைவேளையில் கூட்டம் பசியோடு வந்து மொய்க்கும். அதனால் அத்தனை வருடத்திலும் நோர்பெர்ட் ஒருநாள்கூட உள்ளே போய்ப் பந்தயம் பார்த்ததில்லை. சத்தம் மட்டும் வரும். மரப்பலகை மேல் சக்கரங்கள் ஓடுகிற சத்தம், தூரத்து இடி மாதிரி எழுந்து தணிந்து மறுபடி எழும்.

"சத்தத்த வெச்சே எத்தன பேரு ஓட்டறாங்கன்னு சொல்லிடுவேன் ஹெர்மன்," என்பார் என்னிடம். "ஆனா அது எப்படி இருக்கும்னுதான் தெரியல."

நோர்பெர்ட்டுக்கு ஐம்பத்தொரு வயது ஆன வருடம், வில்ஃப்ரீட்டின் பேத்திக்கு முதல் நற்கருணை விருந்து. இனிப்பு வந்த சமயத்தில் நோர்பெர்ட் சும்மா கேட்பதுபோலக் கேட்டார்.

"மச்சான், புதன்கிழமை சாயங்காலம் அந்தக் கூடத்துல பொதுஜனமும் ஓட்டலாமாமே. நான் வரலாமா?"

மேசையில் எல்லோர் கண்ணும் அவர் வயிற்றின் மேல் போயிற்று. நோர்பெர்ட்டின் எடை அப்போது நூற்றுப் பதினான்கு கிலோ. வில்ஃப்ரீட் கொக்கு மாதிரி ஆள், என்னையும் சேர்த்துச் சிலரோடு புதன்கிழமைதோறும் அங்கே ஓட்டுகிறவன். இளம் வயதில் மாகாணச் சைக்கிள் சாம்பியன், அதை அவனும் மறக்கமாட்டான், நம்மையும் மறக்க விடமாட்டான்.

"தாராளமா வா மச்சான்," என்றான். "பலக தாங்குமான்னு மட்டும் தச்சன ஒரு வார்த்த கேட்டுக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நோர்பெர்ட்டும் சிரித்தார். ஆனால் அடுத்த புதன்கிழமை கடையை ரோஸிட்டாவிடம் விட்டுவிட்டு வந்து நின்றார். வில்ஃப்ரீட் கெட்டவன் இல்லை. கிண்டல் செய்த கையோடு தன் பழைய பந்தய வண்டியைத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். பிரேக் கிடையாது, சக்கரம் சுற்றுகிறவரை காலும் சுற்றியாக வேண்டும். அதில் இருந்தவை அவன் சாம்பியனாக இருந்த காலத்துப் பட்டு நூல் டயர்கள். உள்ளே டியூபை வைத்துத் தைத்து, ரிம்மில் பசை தடவி ஒட்டுகிற வகை. என் சுண்டுவிரலைவிட மெல்லியவை.

"ஒசத்தி சரக்கு," என்றான் வில்ஃப்ரீட். "இப்ப இது மாதிரி யாரும் செய்யறதில்ல."

அந்தக் கூடத்தை முதன்முதலில் பார்க்கிறவர்கள் ஓர் அடி பின்னால் வைப்பார்கள். தளம் சின்னது, வளைவுகள் வீட்டுக்கூரையை விடச் செங்குத்து. கீழே ஓரமாக வெளிர்நீலப் பட்டை, அதற்கு மேலே சிவப்புக் கோடு, உச்சியில் கம்பித் தடுப்பு. வேகமாகப் போனால் சரிவில் ஒட்டிக்கொண்டு நிற்கலாம், வேகம் குறைந்தால் கீழே வந்துசேர வேண்டியதுதான். நோர்பெர்ட் சில வாரம் நீலப் பட்டையை விட்டு ஏறவே இல்லை. ஆனால் அவர் கால் வலுவான கால். ஆயுள் முழுக்க உருளைக்கிழங்கு மூட்டை தூக்கிய கால். ஒரு புதன்கிழமை வேகம் பிடித்து வளைவில் ஏறினார்.

டமாரென்று ஒரு வெடி.

மூடிய கூடத்துக்குள் டயர் வெடித்தால் எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்குத்தான் தெரியும். நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். ஒருவர் கையிலிருந்த காப்பி பக்கத்து ஆள் மடியில். நோர்பெர்ட் எப்படியோ வண்டியைக் கீழே இறக்கி, விழாமல் வந்து நின்றார். முகம் மாவு மாதிரி வெளுத்திருந்தது.

அடுத்த வாரம் இன்னொரு டயர். அதே வளைவு, அதே வெடி. அதற்கு மேல் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை, 'பீரங்கி' என்றே கூப்பிட்டார்கள்.

கூடத்தையும் பலகைகளையும் பார்த்துக்கொள்வது மேடம் லுட்கார்ட். அறுபதை நெருங்குகிற குள்ளமான பெண்மணி. தளத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் தன் முழங்காலில் விழுந்ததுபோல் பார்ப்பார்.

"மிஸ்டர் நோர்பெர்ட்," என்றார், "இங்க பயிற்சி எடுக்க வர்றவங்களுக்கு நான் கதவு தொறந்து வைக்கிறேன். போர் நடத்தறதுக்கு இல்ல."

காரணம் எனக்குப் புரிந்தது. பழைய குழாயில் புதுப் பம்பு வைத்தால் எங்கே உடையும் என்று எனக்குத் தெரியாதா. வில்ஃப்ரீட்டின் எடை நோர்பெர்ட்டில் பாதியை விடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். வேகமாக வளைவில் போகும்போது ஆள் இன்னொரு மடங்கு கனத்துப் போவார். அந்தக் கனத்தை இற்றுப்போன பட்டு நூலின் மேல் இறக்கினால் அது என்னதான் செய்யும்.

அப்போதிலிருந்து எங்கள் புதன்கிழமைக் கூட்டத்துக்கு ஒரே பேச்சு, நோர்பெர்ட்டுக்கு எந்த டயர். மெல்லிசாக இருந்தால்தான் வேகம் என்றார் ஒருவர். கல்லு மாதிரி காற்றடிக்க வேண்டும் என்றார் இன்னொருவர், கூடவே கூடாது என்றார் அவர் தம்பி. ரோட்டில் ஓட்டுகிற தடி டயரைப் போடு என்று யாரோ சொல்லப்போய், மேடம் லுட்கார்ட் காதில் அது விழுந்துவிட்டது. ரோட்டு டயரில் கல்லும் கண்ணாடித் தூளும் ஒட்டியிருக்கும், பலகையைக் கீறிவிடும் என்று ஒரு சொற்பொழிவே நடந்தது. கடைசியில் வில்ஃப்ரீட் தீர்ப்புச் சொன்னான்.

"புது டயரு வாங்கு. ஆனா ஒடனே போடாத. காஞ்ச, இருட்டான எடத்துல தொங்கவிடு. சில மாசம் போனா ரப்பர் பதமாகும். பழைய ஆளுங்க எல்லாம் அப்படித்தான் செஞ்சாங்க."

நோர்பெர்ட் புதுசாக இரண்டு டயர் வாங்கினார். அவரிடம் காய்ந்த, இருட்டான இடம் ஒன்றுதான் இருந்தது. கடை அடுப்புக்கு நேர் மேலே, வெங்காயச் சரம் தொங்கும் பரண்.

"என் வெங்காயம் என்ன பாவம் பண்ணிச்சு?" என்று கேட்டாள் ரோஸிட்டா.

"கொஞ்ச நாள்தான். பதமாகட்டும்."

ஜனவரியில் அவற்றை இறக்கி ரிம்மில் ஒட்டிக் கொண்டுவந்தார். சுத்தமான வண்டி, புது டயர், மீசைகூட நறுக்கியிருந்தார். இரண்டு சுற்று கீழே ஓட்டினார். மூன்றாவது சுற்றில் வளைவில் ஏறினார். வெடிக்கவில்லை. சக்கரம் மட்டும் மெல்ல, மிக மரியாதையாக, அடியிலிருந்து விலகிக்கொண்டது. நோர்பெர்ட் பக்கவாட்டில் படுத்தபடி சரிவு முழுக்கச் சறுக்கிக்கொண்டு நீலப் பட்டைக்கு வந்து சேர்ந்தார்.

ஓடிப்போய்த் தூக்கினோம். எலும்பு எதுவும் முறியவில்லை. மேடம் லுட்கார்ட் ஆளைப் பார்த்துவிட்டு நேரே சக்கரத்திடம் போனார். கட்டைவிரலால் டயரை ஒரு தேய் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனார்.

"மாட்டுக் கொழுப்பு," என்றார்.

அடுப்பிலிருந்து எழுந்த ஆவி மாதக்கணக்கில் அந்த டயர்களைப் பதமாக்கியிருந்தது. கூடத்தில் சிரிப்பு அடங்கக் கொஞ்சநேரம் ஆயிற்று. வில்ஃப்ரீட் தரையில் உட்கார்ந்தே விட்டான். நோர்பெர்ட் மட்டும் சிரிக்கவில்லை. மேடம் லுட்கார்ட் கொடுத்த துணியையும் சோப்புத் தண்ணீரையும் வாங்கிக்கொண்டு, கிழிந்த கால்சட்டையோடு மண்டிபோட்டு, தான் சறுக்கிவந்த பாதை முழுவதையும் பலகை பலகையாகத் துடைத்தார். நாங்கள் துடைக்கிறோம் என்றபோது வேண்டாமென்று கையசைத்துவிட்டார்.

கடையில் ரோஸிட்டா அவரை மேசைமேல் குப்புறப் படுக்கவைத்து, சாமணத்தால் சிராய் பிடுங்கினாள்.

"ஆடாம இரு. ஒரு காட்டையே உள்ள வெச்சிருக்க."

"முடிஞ்சுதா?"

"இதுவா, சைக்கிளா?"

நோர்பெர்ட் மேசையில் கன்னத்தை வைத்துக்கொண்டார். "ரெண்டும்," என்றார்.

வண்டி பின்கட்டில் சாக்குக்கு அடியில் போய்விட்டது. புதன்கிழமைகளில் நோர்பெர்ட் கடையிலேயே நின்றார். அவர் வேலை செய்யும்போது சீட்டியடிக்கிற ஆள், அது நின்றுபோயிற்று. யார் என்ன கிண்டல் செய்தாலும் "ஆமா" என்பார். ஒருநாள் எனக்கு வந்த பொட்டலத்தில் பாதி கருகியிருந்தது. நான் கருகாததைப் பொறுக்கித் தின்றேன். ஆனால் எனக்குப் பின்னால் நின்ற டிராம் ஓட்டுநர் அம்மாள் சொல்லிவிட்டாள்.

"ரோஸிட்டா, ஒன் வீட்டுக்காரருக்கு ஒடம்பு சரியில்லயா? இல்ல, கடைய விக்கப் போறீங்களா?"

ரோஸிட்டா மறுநாள் காலை ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் பந்தயக் கூடத்துக்குப் போனாள். அங்கே நடந்ததை அவளும் மேடம் லுட்கார்டும் பிறகு எனக்குச் சொன்னார்கள், அதனால் இது ஏறக்குறைய சரியாகத்தான் இருக்கும். சண்டைக்குத் தயாராகத்தான் போயிருக்கிறாள்.

"என் புருஷன் குண்டுதான். குண்டா இருக்கறவங்க இங்க ஓட்டக்கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

மேடம் லுட்கார்ட் பலகையைப் பெருக்கிக்கொண்டிருந்தாராம். துடைப்பத்தை நிறுத்தினார்.

"யாரு சொன்னா கூடாதுன்னு? அவரு துடைச்ச மாதிரி இந்தத் தளத்த இதுவரைக்கும் யாரும் துடைச்சதில்ல. அவரு வராதது எனக்கே ஒரு மாதிரிதான் இருக்கு."

"அப்ப அந்த டயரு?"

"அதுதான் விஷயம். இவங்க ஒவ்வொருத்தரும் தன் தன் ஒடம்புக்கு ஏத்த டயரச் சொல்றாங்க. அவரு ஒடம்ப யாரு யோசிச்சாங்க? எந்தச் சக்கரத்து மேல எவ்வளவு கனம் விழுதுன்னு ஒருத்தருக்காவது தெரியுமா?"

ரோஸிட்டாவுக்குத் தெரியவில்லை. ஆனால் அவளிடம் தராசு இருந்தது. உருளைக்கிழங்கு மூட்டை நிறுக்கிற தரைத் தராசு இரண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். கடையின் நடுவில் இரண்டு தராசையும் வைத்து, முன்சக்கரம் ஒன்றின் மேலும் பின்சக்கரம் மற்றதன் மேலும் நிற்கும்படி வண்டியை நிறுத்தியிருந்தாள். நோர்பெர்ட் ராத்திரி உடையோடு முறைத்துக்கொண்டு நின்றார்.

"இது என்ன கூத்து?"

"ஏறு, என் தங்கமே. பந்தயத்துல குனியற மாதிரி குனி. ஹெர்மன் பக்கத்துல நிப்பாரு. ஒரு விரலால மட்டும் செவுத்தத் தொட்டுக்கோ."

ஏறினார். ரோஸிட்டா மண்டிபோட்டு முள்ளைப் படித்தாள். முன்னால் நாற்பத்தொன்பது கிலோ. பின்னால் எழுபத்து மூன்று, வண்டியின் கனத்தையும் சேர்த்து.

நோர்பெர்ட் குனிந்தபடியே அதைக் கொஞ்சநேரம் பார்த்தார். "அப்ப குத்தமெல்லாம் பின்பக்கத்து மேலதானா?"

"அத நான் கல்யாணம் ஆன வருஷத்துலேர்ந்து சொல்றேன்."

நோர்பெர்ட் சிரித்துவிட்டார். பல வாரத்துக்குப் பிறகு நான் கேட்ட சிரிப்பு அது. சிரித்ததில் தராசு முள் இரண்டும் குதித்தன.

அன்று மதியமே என் வேனை எடுத்துக்கொண்டோம், பந்தய டயர் விற்கும் கடைக்காரர் ஒருவரை வீட்டுக் கதவைத் தட்டி எழுப்பத்தான். அவர் வழக்கமாக விற்பதை எடுத்து நீட்டினார். ரோஸிட்டா வாங்கிப் பார்க்கவே இல்லை.

"முன்னாடிக்கு நாப்பத்தொன்பது கிலோ, பின்னாடிக்கு எழுபத்து மூணு. அதுக்குத் தகுந்தாப்ல குடுங்க," என்றாள், இரண்டு சின்னப் பொட்டலமும் ஒரு பெரிய பொட்டலமும் கேட்பதுபோல.

"ரெண்டும் வேற வேறயாவா? எல்லாரும் ஜோடியாத்தானே வாங்குவாங்க."

"எங்களுக்கு ஜோடி நாங்களே இருக்கோம். டயரு தனித்தனியா போதும்."

கடைக்காரர் யோசித்தார். பிறகு உள்ளே போய்க் கொஞ்சநேரம் உருட்டிவிட்டு வந்தார். பின்சக்கரத்துக்கு அகலமான, நல்ல பருத்தி நூலில் நெருக்கமாக நெய்த டயர், மேலே கோடு பள்ளம் எதுவும் இல்லாத வழவழப்பான ரப்பர். முன்சக்கரத்துக்கு அதே குடும்பத்தில் ஒரு படி மெலிந்தது. நோர்பெர்ட் இரண்டையும் கையில் வாங்கி, ஓரத்தை விரலால் அழுத்தி, மாவு பிசைகிறவர் மாதிரி நெருடிப் பார்த்தார்.

"இது உயிரோட இருக்கு," என்றார்.

வீட்டுக்கு வந்து ஒட்டி மாட்டினால் அடுத்த சிக்கல். முன்சக்கரம் ஃபோர்க்குக்குள் சரியாக உட்கார்ந்தது. ரோஸிட்டா வறுவல் கட்டுகிற தாளை நடுவில் விட்டு இழுத்துப் பார்த்தாள், உரசாமல் வந்தது. பின்சக்கரமோ ஃபிரேமில் இடித்தது. வில்ஃப்ரீட்டின் வண்டி வில்ஃப்ரீட்டைப் போலவே ஒடுக்கமானது, அகல டயருக்கு இடமில்லை. நோர்பெர்ட்டின் முகம் மறுபடி விழுந்தது.

அந்தச் சமயத்தில்தான் வில்ஃப்ரீட் வந்தான், ஞாயிற்றுக்கிழமைக் காப்பி குடிக்க. நிலைமையைப் பார்த்தான். ஏதோ கிண்டலுக்கு வாயெடுத்தவன் தங்கையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக் கொண்டு குனிந்தான்.

"சக்கரம் பூட்டற எடம் பின்னாடி வரைக்கும் நீளமா வெட்டியிருக்கு பாரு. நான் முன்னாடி தள்ளி வெச்சிருந்தேன். நீ பின்னாடி இழுத்துக்கோ. ஆனா இந்தச் செயின் எட்டாது, ரெண்டு கண்ணி சேக்கணும்."

செயினுக்குக் கண்ணி சேர்த்து, சக்கரத்தைக் கடைசி வரை பின்னுக்கு இழுத்தோம். தாள் போய் வந்தது. வில்ஃப்ரீட் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான், "நீ சிவப்புக் கோட்டுக்கு மேல இருபது சுத்து வெடிக்காம வந்துட்டேன்னு வெச்சுக்கோ, ஒரு சனிக்கிழம நான் ஏப்ரன் கட்டிக்கிட்டு ஒன் அடுப்புல நிக்கறேன்."

"எழுதிக் குடுக்கறியா?" என்றாள் ரோஸிட்டா.

சக்கரங்கள் இந்த முறை பரணுக்குப் போகவில்லை. படுக்கையறையில் கட்டிலுக்கு அடியில், வாசனைப் பூ போட்டுவைத்த பழைய போர்வையில் சுற்றிவைத்தார்கள். புதன்கிழமை நோர்பெர்ட் கடைக்கே போகாமல், முழங்கை வரை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்தார். மேடம் லுட்கார்ட் வாசலிலேயே டயரைத் தேய்த்து முகர்ந்தார்.

"லாவெண்டர்," என்றார். "போங்க உள்ள."

காற்று எவ்வளவு என்பதை நோர்பெர்ட் யாரிடமும் கேட்கவில்லை. முதலில் நன்றாக அடித்துக்கொண்டு ஏறினார், பலகை இணைப்பில் எல்லாம் சக்கரம் துள்ளியது. இறங்கிவந்து கொஞ்சம் விட்டார். இன்னும் கொஞ்சம் விட்டபோது வளைவில் பின்சக்கரம் நெளிந்தது, கீழே வந்து மறுபடி அடித்தார். இப்படி உப்புப் பார்க்கிறவர் மாதிரி, ஓட்டுவதும் இறங்குவதும் பம்பைப் பிடிப்பதுமாக இரண்டு புதன்கிழமை போயிற்று. கடைசியில் பின்னால் ஒரு அளவும் முன்னால் அதைவிடக் குறைவாக ஒரு அளவும் பிடிபட்டது. இரண்டையும் யாருக்கும் சொல்லவில்லை. கேட்டால், "அது என் ஒடம்போட விஷயம்" என்பார்.

மார்ச்சில், அந்தக் குளிர்காலத்தின் கடைசிப் புதன்கிழமை. 'சைக்கிள் ஓட்டப் போயிருக்கிறோம்' என்று கடைக்கதவில் அட்டை தொங்கியது. அதைப் படித்த வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் பசியோடு கூடத்துக்கே வந்துவிட்டார்கள். டிராம் ஓட்டுநர் அம்மாள் சீருடையோடு முன்வரிசையில்.

நோர்பெர்ட் கீழே சில சுற்று ஓட்டி வேகம் சேர்த்தார். பிறகு நேர்ப்பாதையில் மெல்ல ஏறி, சிவப்புக் கோட்டைத் தாண்டி வளைவுக்குள் நுழைந்தார். பார்த்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் காதைப் பொத்திக்கொண்டார்கள். மேடம் லுட்கார்ட்கூட.

ஒன்றும் வெடிக்கவில்லை. அந்தப் பெரிய உடம்பு செங்குத்துப் பலகையில் சுவர்க்கடிகாரப் பெண்டுலம் மாதிரி நிதானமாக இறங்கி ஏறிப் போயிற்று. ஒவ்வொரு சுற்றாகக் கைகள் காதிலிருந்து இறங்கின. வில்ஃப்ரீட் சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தான், பத்துக்கு மேல் கூட்டமும் சேர்ந்துகொண்டது. இருபது ஆயிற்று. நோர்பெர்ட் நிறுத்தவில்லை. உச்சிக் கம்பி வரை ஏறி, அங்கிருந்து சரிந்து, மறுபடி ஏறினார். ரோஸிட்டா கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இருபது போதும்டா, எறங்கு," என்று ஒவ்வொரு சுற்றுக்கும் சொன்னாள். அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

ஒருவழியாக இறங்கி வந்தபோது பேச மூச்சில்லை. நான் வண்டியைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு என்னிடம் சொன்னார், "அந்தச் சத்தம் காதுல வரல ஹெர்மன். கால் வழியா ஏறி வருது."

வில்ஃப்ரீட் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அந்தச் சனிக்கிழமை அவன் வறுத்ததைப் பற்றி லேடெபெர்க்கில் இன்னும் பேசுகிறார்கள். நான் அன்று வீட்டில் முட்டை பொரித்துக்கொண்டேன்.

நோர்பெர்ட்டின் எடை பெரிதாகக் குறையவில்லை. அதனால் யாரும் எதிர்பாராத ஒரு நன்மை வந்தது. அடுத்த குளிர்காலம் தொடங்கியதும் ஒருநாள் யாரோ தற்செயலாக அவர் பின்சக்கரத்தை ஒட்டி ஓட்டியிருக்கிறார். முகத்தில் எதிர்க்காற்றே இல்லை, அந்த முதுகு மறைத்துக்கொண்டது. சோபாவில் உட்கார்ந்த மாதிரி இருந்தது என்று இறங்கிவந்து சொன்னார். ஒரு வாரத்தில் செய்தி பரவிவிட்டது. அவர் வளைவில் ஏறியதும் மெலிந்த ஆட்கள் எல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொள்வார்கள். அந்த முதல் இடத்துக்கு இப்போது தள்ளுமுள்ளு.

போன புதன்கிழமை நானும் முயன்று பார்த்தேன், முடியவில்லை. சரியாக நோர்பெர்ட்டின் முதுகுக்குப் பின்னால், முழங்கையை அகலமாக விரித்து யாரையும் நுழையவிடாமல், வில்ஃப்ரீட் வந்துகொண்டிருந்தான்.

"மச்சான், கொஞ்சம் மெதுவா போயேன்," என்று கத்தினான். "எனக்கு மூச்சு வாங்குது."

"முன்னாடி வந்து ஓட்டிப் பாரு மச்சான்," என்றார் நோர்பெர்ட், திரும்பாமலே. "நல்லா காத்தோட்டமா இருக்கு."